யூடி வந்ததா? சேர்த்து வைத்த இணையக் கதைகளைப் புதுப்பித்து வைக்க ஒரு முழு வழிகாட்டி

"ஏண்டி, நாப்பத்தொண்ணாவது எபி எங்க போச்சு? நேத்து ராத்திரி அதுலதானே நிறுத்தினேன்?"

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து பெரியம்மா போன். (எபி என்றால் தொடர்கதையின் அத்தியாயம்; புது எபி வருவதுதான் யூடி.) ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. அவர் டேப்லெட்டில் இருக்கும் கதைகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. கடலூர் திருப்பாப்புலியூரில் உட்கார்ந்துகொண்டு வாரம் ஒருமுறை புது அத்தியாயங்களைச் சேர்த்து வைப்பேன்; புதுச்சேரி போகும்போது ஏற்றிக் கொடுப்பேன், அவசரமென்றால் அனுப்பியும் விடுவேன். முந்தின நாள் தூக்கக் கலக்கத்தில் எல்லாக் கதைகளையும் தேர்ந்தெடுத்து 'முழுசாக மறுபடி இறக்கு' என்று ஒரே அழுத்தாக அழுத்தி, வந்ததையெல்லாம் பார்க்காமல் அப்படியே அனுப்பியிருந்தேன். அந்தக் கதையின் ஆசிரியர் அதைப் புத்தகமாகப் போடுவதற்காக முதல் 10 அத்தியாயங்களை மாதிரிக்கு விட்டுவிட்டு மீதியைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டிருக்கிறார். என்னிடம் இருந்த 43 அத்தியாயக் கோப்பின் மேல் 10 அத்தியாயக் கோப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. பழையது வேறெங்கும் இல்லை.

"என் தப்புதான் பெரியம்மா. அழிஞ்சிடுச்சு."

"போனாப் போவுது. அவன் அவளைக் கட்டிக்கிட்டானா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

நானே 38 வரைக்கும்தான் படித்திருந்தேன்.

அதற்குப் பிறகு மாற்றிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது என்னிடம் 3,400 கதைகள் போல இருக்கின்றன. அதில் 400 இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை. ஐம்பது அறுபது கதை வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம், ஒரு நோட்டும் ஞாபகமும் போதும். முந்நூறைத் தாண்டினால் கை கொடுக்காது.

'இணையத்தில்தான் இருக்கிறதே, எதற்கு இறக்கி வைக்க வேண்டும்' என்று கேட்பவர்களுக்கு ஒரே பத்தி. ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கத் தளம் 2009 அக்டோபரில் மூடியபோது அதிலிருந்த பக்கங்கள் போயின. யாகூ குழுக்கள் 2020 டிசம்பரில் ஒரேயடியாக மூடப்பட்டன. 2023 ஜூலையில் ஏஓ3 என்ற ரசிகர் புனைகதைத் தளத்தை (ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்) தாக்கி முடக்கியபோது, இறக்கி வைத்திருந்தவர்கள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். நம் தமிழ்த் தொடர்கதை உலகில் இதெல்லாம் நடக்கக்கூட வேண்டியதில்லை. கதை முடிந்து பத்து நாளில் லிங்கை எடுத்துவிட்டு கிண்டிலில் போடுவதும், பிறகு எப்போதாவது மறுபடி தளத்தில் ரீரன் விடுவதும் இங்கே சர்வசாதாரணம்.

முதலில் நான்கு குவியல்

மென்பொருளைத் தொடுவதற்கு முன் கதைகளைப் பிரியுங்கள். என் குவியல்கள் இவை: ஓடுகிறது, முடிந்தது, நின்றது, போய்விட்டது.

ஓடுகிற கதையை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆறு மாதம் யூடி வராவிட்டால் அது 'நின்றது'; மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். தளத்திலிருந்து காணாமல் போனது, பாதி எடுக்கப்பட்டது எல்லாம் 'போய்விட்டது'. அதைப் புதுப்பிக்கவே கூடாது, உங்களிடம் இருப்பதுதான் கடைசிப் பிரதி. முடிந்த கதையையும் தொடாதீர்கள். முடிந்த கதைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துத்தான் நான் மாட்டினேன். புத்தகமாகப் போவது முடிந்த கதைதான், ஆகவே சுருங்குவதும் பெரும்பாலும் அதுதான்.

இந்தப் பிரிப்பு முடிந்ததும் 3,400 என்பது 400 ஆகிவிடும். பாதி வேலை அங்கேயே தீர்ந்தது.

கேலிபரும் ஃபேன்ஃபிக்ஃபேரும்

கேலிபர் இலவச மென்பொருள், கோவித் கோயல் 2006-ல் தொடங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மின்னூல்களை அடுக்கி வைக்கும் பீரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் போடும் பிளகின்தான் ஃபேன்ஃபிக்ஃபேர். கதையின் லிங்கைக் கொடுத்தால் எல்லா அத்தியாயத்தையும் இழுத்து ஒரே ஈபப் மின்னூல் கோப்பாகக் கட்டித் தரும். அடுத்த வாரம் அதே கோப்பில் புது அத்தியாயத்தை மட்டும் சேர்க்கும். ஏஓ3, வாட்பேட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை அதற்குத் தெரியும். நம் தமிழ்த் தொடர்கதைத் தளங்கள் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை; அதற்கு வேறு வழி, பின்னால் வருகிறது.

கேலிபரில் பிரெஃபரன்சஸ், அதில் பிளகின்ஸ், அதில் 'கெட் நியூ பிளகின்ஸ்'. பெயரைத் தேடி நிறுவி, கேலிபரை ஒருமுறை மூடித் திறங்கள்.

அடுத்து 'ஆட் யுவர் ஓன் காலம்ஸ்' பகுதிக்குப் போய் நான்கு பத்திகள் (பட்டியலின் நெடுவரிசைகள்) சேர்க்க வேண்டும். ஒன்று, தளம் சொல்லும் நிலை. இரண்டு, அத்தியாய எண்ணிக்கை. மூன்று, தளத்தில் கடைசியாக மாறிய தேதி. இந்த மூன்றையும் ஃபேன்ஃபிக்ஃபேர் அமைப்பில் 'கஸ்டம் காலம்ஸ்' தாவலில் இணைத்துவிட்டால் தானாக நிரம்பும். நான்காவது உங்கள் குவியலின் பெயர், கையால் போடுவது. தளம் 'நடந்துகொண்டிருக்கிறது' என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது நின்றுபோனது என்று நமக்குத்தானே தெரியும்? அதனால்தான் இரண்டும் தனித்தனி.

பெர்சனல் ஐஎன்ஐ என்ற தாவலில் மூன்று அமைப்புகளை இயக்குங்கள். வரிகளை நான் இங்கே எழுதினால் நீங்கள் ஒரு புள்ளி மாற்றி அடிப்பீர்கள்; அதே தாவலில் டீஃபால்ட்ஸைக் காட்டும் பொத்தான் இருக்கிறது, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதே நல்லது. முதலாவது, புது அத்தியாயங்களின் தலைப்பில் 'நியூ' என்று அடையாளம் போடுவது. பெரியம்மாவுக்கு இது வரப்பிரசாதம், பொருளடக்கத்தைத் திறந்ததும் எது புதுசு என்று தெரிந்துவிடுகிறது. இரண்டாவது, லாக் பேஜ்: எந்தத் தேதியில் எத்தனை அத்தியாயமாக இருந்தது என்ற வரலாறு கதைக்குள்ளேயே ஒரு பக்கமாக வளரும். மூன்றாவது, ஒவ்வொரு பக்கத்தை இழுக்கும்போதும் சில விநாடி இடைவெளி விடுவது. ஏஓ3 தன்னார்வலர்கள் நன்கொடையில் நடத்தும் தளம். கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு முட்டுவது போல நானூறு கதையோடு மோதினால் 'கொஞ்சம் பொறுத்து வா' என்று திருப்பி அனுப்பிவிடும். அது நியாயம்தான்.

இன்னொன்று: 'ஸ்டாண்டர்ட் காலம்ஸ்' தாவலில் தலைப்புக்கும் ஆசிரியருக்கும் 'நியூ ஒன்லி' என்று வையுங்கள். ஏஓ3-ல் சிலர் கதையை அழிக்காமல் தங்கள் பெயரை மட்டும் விலக்கிக்கொள்வார்கள். அதன்பின் ஆசிரியர் பெயர் இருக்குமிடத்தில் 'ஆர்ஃபன் அக்கவுண்ட்' என்று வரும். இந்த அமைப்பு இல்லையென்றால் உங்கள் பீரோவிலும் கதை அநாதையாகிவிடும், பெயர் வைத்துத் தேடினால் கிடைக்காது.

லிங்க் இல்லாத கதை

புதுப்பிக்க வேண்டுமானால் கதை எங்கிருந்து வந்தது என்று கோப்புக்குத் தெரிய வேண்டும். இந்தப் பிளகின் வழியாக வந்தவற்றில் லிங்க் உள்ளேயே இருக்கும். ஏஓ3-ன் சொந்த டவுன்லோடு பொத்தானில் இறக்கிய ஈபப்பிலும் முன்பக்கத்தில் லிங்க் உண்டு. மின்னூலுக்குள் தேடிப் பார்க்கும் அமைப்பை இயக்கினால் பிளகினே கண்டுபிடித்துக்கொள்ளும். வாட்ஸப்பில் வந்த பிடிஎஃப்தான் தலைவலி. அதற்கு ஊர் பேர் ஏதும் இருக்காது. கதையின் நடுவிலிருந்து ஒரு விநோதமான வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். கிடைத்தால் கேலிபரின் 'எடிட் மெட்டாடேட்டா'வில் லிங்கைச் சேருங்கள். கிடைக்காவிட்டால் 'போய்விட்டது' குவியல். ஒரு கதைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள், அது முடிவில்லாத வேலை.

ஞாயிறு காலை

என் வாராந்தர வேலை இவ்வளவுதான். காபியோடு தொடங்கினால் ஒரு மணி நேரம்.

1. ஏஓ3-ல் கணக்கு வைத்து, தொடரும் கதைகளுக்கு 'சப்ஸ்கிரைப்' கொடுத்துவிடுங்கள். யூடி வந்தால் மெயில் வரும். ஃபேன்ஃபிக்ஃபேரில் உங்கள் மெயில்பெட்டியைத் திறந்து கதை லிங்குகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் வசதி இருக்கிறது. அதற்கென்று தனி மெயில் ஃபோல்டர் ஒன்று போடுங்கள். நானூறு கதவையும் தட்டாமல், யூடி வந்த முப்பதை மட்டும் தட்டினால் போதும்.

2. மெயில் அனுப்பாத தளங்களின் கதைகளைக் குவியல் பத்தியை வைத்து வடிகட்டி, ஐம்பது ஐம்பதாகத் தேர்ந்தெடுங்கள்.

3. அப்டேட் கொடுக்கும்போது எந்த முறை என்று கேட்கும். 'அப்டேட் ஈபப் இஃப் நியூ சாப்டர்ஸ்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது பழைய அத்தியாயங்களை அப்படியே வைத்துக்கொண்டு புதுசை ஒட்டும். 'ஓவர்ரைட்' என்று தொடங்கும் இரண்டும் மொத்தமாக மாற்றுபவை. என்னைக் கவிழ்த்தவை அவைதான்.

4. முடிவில் ஒரு பட்டியல் வரும். அவசரப்பட்டு 'யெஸ்' கொடுக்காமல் சரியாக வராதவற்றைப் படியுங்கள்.

5. நூலகத்தில் சேர்த்துவிட்டு, காப்புப் பிரதி.

நான்காவதுதான் முக்கியம். பட்டியலில் பெரும்பாலும் 'புது அத்தியாயம் இல்லை' என்றுதான் இருக்கும். நடுவில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி வரும்: உங்கள் கோப்பில் 43 அத்தியாயம், தளத்தில் 10 மட்டும், கட்டாயப்படுத்த வேண்டுமானால் ஓவர்ரைட் செய்யவும் என்று. பலர் இதைப் பிழைச் செய்தி என்று நினைத்து அது சொல்கிறபடியே ஓவர்ரைட் செய்துவிடுகிறார்கள். உண்மையில் அது காவல்காரன் விசில். அந்தக் கதையை உடனே 'போய்விட்டது' குவியலுக்கு மாற்றிவிட்டு, தளத்துக்குப் போய் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆசிரியர் குறிப்பில் சொல்லியிருப்பார்: கிண்டிலில் போட்டிருக்கிறேன், அல்லது திருத்தி எழுதுகிறேன், அல்லது இரண்டு அத்தியாயத்தை ஒன்றாக்கினேன்.

'பக்கமே இல்லை' என்று வந்தால் முதலில் உள்நுழைந்து பாருங்கள். ஏஓ3-ல் சிலர் கதையைக் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் என்று பூட்டுவார்கள். உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் பிளகினில் கொடுத்தால் திறக்கும். ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட் தானியங்கி இறக்கிகளைத் தடுக்கும் ஏற்பாட்டோடு இருக்கிறது. அங்கிருக்கும் கதைகளுக்கு நான் மல்லுக்கட்டுவதில்லை, உலாவியில் போய்ப் படித்துக்கொள்கிறேன். உண்மையிலேயே பக்கம் போயிருந்தால் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பழைய லிங்கைப் போட்டுப் பார்க்கலாம். என் 43 அத்தியாயக் கதைக்கு அங்கே முதல் மூன்றுதான் இருந்தன.

ஓவர்ரைட் தேவைப்படும் நேரமும் உண்டு. புதுசை மட்டும் ஒட்டும் முறைக்கு, பழைய அத்தியாயம் திருத்தப்பட்டது தெரியாது. 'எபி 12-ஐ மாற்றி எழுதியிருக்கேன் ஃபிரெண்ட்ஸ்' என்று ஆசிரியர் சொன்னால் முழுசாகத்தான் இறக்க வேண்டும். அதற்கு முன் 'காப்பி டு லைப்ரரி' பொத்தானை வைத்துப் பழைய பிரதியை இன்னொரு நூலகத்துக்கு அனுப்பிவிடுங்கள். நான் 'பழசு' என்ற பெயரில் ஒன்று வைத்திருக்கிறேன். இறக்கி முடித்ததும் கவுன்ட் பேஜஸ் பிளகினை வைத்து இரண்டு பிரதியின் சொல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கூடியிருந்தால் நிம்மதி; பாதியாகியிருந்தால் பழசே இருக்கட்டும்.

தமிழ்த் தளங்கள்

பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ் வலைப்பூக்களில் வரும் தொடர்களுக்குப் புதுப் பதிவுகளைத் தானாகப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் ஓடை இருக்கிறது. ஓடை படிக்கும் செயலி ஏதாவது ஒன்றில் சேர்த்துவிட்டால் யூடி வந்தது தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பிளாக்ஸ்பாட் ஓடை வழக்கமாக அண்மைய 25 பதிவுகளைத்தான் தரும், வேர்ட்பிரஸ் 10. தினம் மூன்று எபி போடும் ஆசிரியராக இருந்தால் நான்கு நாள் பார்க்காமல் விட்டாலே வேர்ட்பிரஸ் ஓடையில் நடுவில் ஓட்டை விழும்.

அத்தியாயங்களைக் கோப்பாக்க உலாவியில் சேர்க்கும் வெப்டுஈபப் நீட்சி உதவும். அட்டவணைப் பக்கத்தைத் திறந்து அழுத்தினால் லிங்குகளை வரிசையாகக் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே தானாக ஒட்டும் வசதியை நம்பாமல், ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பாக எடுத்து, எண்ணிக்கை கூடியிருந்தால் மட்டும் பழையதற்குப் பதில் வைக்கிறேன்.

நகலெடுக்க முடியாதபடி ஆசிரியர் பூட்டியிருந்தால் நான் உடைப்பதில்லை. பிரதிலிபி போல செயலிக்குள் படிப்பவற்றைச் செயலிக்குள்ளேயே விட்டுவிடுகிறேன். லிங்கும் எத்தனையாவது அத்தியாயத்தில் நிற்கிறேன் என்பதும் மட்டும் கேலிபரில் வெற்றுப் புத்தகமாக இருக்கும். இறக்கிய கதையை டெலிகிராமில் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிண்டில் அன்லிமிடெட்டில் படிக்கப்படும் பக்கத்தைக் கணக்குப் பார்த்துத்தான் ஆசிரியருக்குக் காசு. நாம் பகிரும் ஒவ்வொரு பிடிஎஃப்பும் அவர் பையில் கை வைப்பதுதான். என் கோப்புகள் என் வீட்டுக்கும் பெரியம்மா டேப்லெட்டுக்கும் மட்டும்.

எழுத்துச் சிக்கல்கள் மூன்று. ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. என்னிடம் ஒரே ஆசிரியர் இரண்டு பேராக ஒரு வருடம் இருந்தார். ஆசிரியர் பட்டியலைத் திறந்து ஒன்றைச் சரிசெய்தால் கதைகள் சேர்ந்துகொள்ளும். அடுத்தது, பழைய திஸ்கி, டாப், டாம் எழுத்துருக்களில் சேமித்த பக்கங்கள். இப்போது திறந்தால் கோழி கிளறியது போல இருக்கும். என்எச்எம் கன்வர்ட்டரில் கொடுத்து யூனிகோடாக்கி, அதன் பிறகே நூலகத்தில் சேருங்கள்.

மூன்றாவது, கோப்புப் பெயரின் நீளம். நம் தொடர்கதைத் தலைப்புகள் ஒரு கவிதை வரி நீளம் போகும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'புதுச்சேரி' என்பதை நாம் ஐந்து எழுத்தாக எண்ணுவோம். கணினிக்கு உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனியாகப் பத்துக் குறியீடு, 30 பைட். அதாவது 85 குறியீட்டில் இடம் தீர்ந்துவிடும். கேலிபர் தன் வசம் இருக்கும் கோப்புகளின் பெயரைத் தானே சுருக்கிக்கொள்ளும். நீங்களாகப் பெயர் வைக்கும் கோப்புகளில்தான் நகலெடுக்கும்போது பாதியில் நிற்கும். அதே காரணத்தால் கேலிபர் நூலக ஃபோல்டருக்குள் போய்க் கையால் எதையும் பெயர் மாற்றாதீர்கள். உள்ளே எது எங்கே என்ற கணக்கை அது தனியாக வைத்திருக்கிறது.

டேப்லெட்டுக்கு

வீட்டுக்குள் என்றால் கேலிபரின் கன்டென்ட் சர்வரை இயக்கிவிட்டு, அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து திறந்து எடுத்துக்கொள்ளலாம். பெரியம்மாவுக்கு நான் கேபிள் போட்டுத்தான் ஏற்றுகிறேன், போன சாக்கில் சாப்பாடும் ஆயிற்று. அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றே: கோப்பின் பெயர் வாராவாரம் மாறக் கூடாது. பெயரில் '41 எபி வரை', '43 எபி வரை' என்று எழுதினால் படிப்பானுக்கு அது புதுப் புத்தகம், படித்து நிறுத்திய இடம் போய்விடும். நான் கோரீடர் என்ற படிப்பான் செயலி போட்டிருக்கிறேன். அதே பெயரில் பழையதன் மேல் வைத்தால் நின்ற பக்கத்திலேயே திறக்கிறது.

புயலுக்கு முன்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2015-ல் வெள்ளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். இந்தக் கரையில் இருப்பவர்களுக்குக் காப்புப் பிரதியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். ஆனாலும் நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். 'வேறு ஊரில் ஒரு பிரதி' என்று வெளி வட்டு ஒன்றைப் பெரியம்மா வீட்டில் வைத்தேன். 25 கி.மீ. தூரம். ஒரே புயலில் இரண்டு வீடும் அடிபடும் என்று ஃபெஞ்சல் அன்று இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. இப்போது ஒரு வட்டு என் மேசையில், இன்னொன்று திருச்சியில் தம்பி வீட்டில். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும்.

நகலெடுக்கும்போது கேலிபரை மூடிவிட்டு, நூலக ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள். கதைகளை மட்டும் எடுத்து மெட்டாடேட்டா கோப்பை விட்டால் உங்கள் குவியல், எண்ணிக்கை எல்லாவற்றையும் திரட்டுவது பெரும்பாடு. மேகத்தில் (கிளவுடில்) ஒத்திசையும் ஃபோல்டரிலேயே நூலகத்தை வைத்து வேலை செய்யாதீர்கள்; கேலிபர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அது இழுக்கும், கணக்குக் கெடும். ஏற்றுவதானால் நகலை ஏற்றுங்கள். உப்புக் காற்றில் யூஎஸ்பி முனை பச்சை பிடிக்கும், வட்டைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். என்னுடையது பழைய முறுக்கு டப்பா.

மாதம் ஒருமுறை அந்த வட்டைச் செருகி, ஏதாவது மூன்று கதைகளைத் திறந்து கடைசி அத்தியாயம் வரை தள்ளிப் பாருங்கள். திறந்தால் பிடுங்கி டப்பாவில் போடலாம். திறக்காவிட்டால் அன்றைக்கே வேறு வட்டு வாங்கி, மேசைக் கணினியில் இருப்பதிலிருந்து புதுப் பிரதி எடுத்துவிட்டுத்தான் அடுத்த யூடி.